நடுக்கம் மட்டுமல்ல பார்க்கின்சன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பார்க்கின்சன் நோய் என்றதுமே கை நடுக்கத்தை மட்டும் நினைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 1817-இல் இந்நோயை விரிவாக விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றுதான் எழுதினார். அது சரியன்று என்பது இன்று தெளிவாகிவிட்டது. மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழியும்போது உடலசைவு மட்டுமன்றி, ஒரு செயலைத் தொடங்கும் ஊக்கமும் திட்டமிடும் திறனும் குன்றக்கூடும். மனச்சோர்வோ சிலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடுகிறது. முகத்தசைகளின் அசைவு குறைவதால் மகிழ்ச்சியும் வருத்தமும் வெளியே தெரிவதில்லை. அதைக் கண்டு அப்பாவுக்குப் பாசமே இல்லை என்று பிள்ளைகள் முடிவுகட்டுவதும், ஊக்கமின்மையைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதும் பெருங்கொடுமை. டோபமினைப் போலச் செயல்படும் சில மாத்திரைகளால் சூதாட்டம், வரம்பு மீறிய செலவு போன்ற அடக்க முடியாத உந்துதல்கள் எழலாம் என்பதையும் குடும்பத்தாரிடம் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோயாளிகள் வெட்கப்பட்டு மறைத்துவிடக்கூடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. நரம்பியல் புறநோயாளிப் பிரிவுகளில் இந்நோயாளிகளின் மனநிலையையும் நினைவாற்றலையும் தவறாமல் பரிசோதிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். மனநல ஆலோசகரும் அதே பிரிவில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை