பாலைப்பழம் கொண்டுவந்த ஆச்சி

முள்ளியவளை

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். இந்த முறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நல்ல சனம். கட்டையன் இன்னும் அந்தத் தூக்குக்காவடிக் கதையைத்தான் சொல்லித் திரிகிறான். நீ வந்தால்தான் அவன் வாய் மூடும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய காசில் ஆடு வாங்கிக் கொடுத்தோமே, வாய்க்கால்கரை ஆச்சி, அவர் போன கிழமை குழுக் கூட்டத்துக்கு ஒரு பை நிறையப் பாலைப்பழத்தோடு வந்தார். பேரனோடு காட்டுக்குப் போய்ப் பறித்ததாம். "காசு தந்த தம்பிமாருக்கு அனுப்ப ஏலாது, நீங்களாவது தின்னுங்கோ" என்றார். எங்கள் செயலாளர் எழும்பி, "நாங்கள் பலனை எதிர்பார்த்துச் செய்யேல்லை ஆச்சி, கொண்டுபோய் வித்துக் காசாக்குங்கோ" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, தங்கமான மனிசன். ஆனால் ஆச்சியின் முகம் செத்துப்போனது. பின்னால் ஓடிப்போய் நான் கேட்டேன். தரவில்லை.

அன்று இரவு செயலாளரோடு வாதாடினேன். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று குறள் சொன்னார். மழைக்கு உலகம் என்னத்தைத் திருப்பிச் செய்கிறது என்று கேட்டார். சரிதான், ஒப்புரவறிதலின் முதல் குறளே அதுதான். ஆனால் அது கொடுக்கிறவனுக்குச் சொன்னது. வாங்கினவர் ஒன்றும் தரக்கூடாது என்று வள்ளுவர் எங்கே சொன்னார்? செய்ந்நன்றியறிதலுக்கும் அவர் பத்துக் குறள் வைத்திருக்கிறார். எந்த அறத்தைக் கொன்றவனுக்கும் உய்வுண்டு, செய்ந்நன்றி கொன்றவனுக்கு இல்லை என்ற அளவுக்குக் கடுமையாக. அப்படியென்றால் ஆச்சி அந்த அறத்தை எங்கே போய்ச் செய்வது? நல்லவராக இருக்கிற உரிமை கொடுக்கிற கைக்கு மட்டும்தானா? சூரியனுக்கு ஒரு பிடி அரிசியும் தேவையில்லை. அதற்காகத் தைப்பொங்கலுக்கு முற்றத்தில் பொங்காத கமக்காரன் வன்னியில் இருக்கிறானா?

மச்சான், 2009இல் சண்டையின் கடைசி நாட்களில் நீயும் நானும் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். அரிசி, தண்ணி, உப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு ஊற்றினவர் நாளைக்குச் சிரட்டையோடு நின்றார். பக்கத்துப் பங்கர்க்காரர் தந்த சீனிக்கு உன் அம்மா என்ன கொடுத்தார் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அம்மா எப்படித் தாங்கியிருப்பார்? இப்போது நீங்கள் டொரன்டோவில், நாங்கள் இங்கே பெயர்ப் பட்டியலோடு. ஆச்சி மட்டும் சாகும்வரைக்கும் வாங்குகிற பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவருடைய நன்மையை அவருக்காகவே விரும்புகிறோம் என்றால், அவருடைய வயிறு நிறைவதோடு அது முடியக்கூடாது. அவர் நிமிர்ந்து நம் வாசலுக்கு வரவும் வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை. ஆடு குட்டி போட்டால், ஒன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க விருப்பமா என்று ஆச்சிமாரிடம் கேட்போம். கட்டாயப்படுத்தக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். உங்கள் ஆட்களோடு கதைத்து, அடுத்த கூட்டத்துக்கு முன் பதில் எழுது. உன் சொல்லைச் செயலாளர் தட்டமாட்டார்.

அப்புறம், ஆடியில் நீ வரும்போது ஆச்சி சாப்பிடக் கூப்பிடுவார். டயற், சீனி வருத்தம் என்று சாட்டுச் சொல்லாதே. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடு.

அன்புடன்,
உன் வாத்தி