ஹார்டனரைக் கூட்டினால் ரெசின் சீக்கிரம் இறுகுமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் எபாக்ஸி ரெசின் (ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தோடு கலந்தால் இறுகும் பிசின்) வாங்குகிறவர்களிடமிருந்து இரண்டு புகார்கள் மாறி மாறி வருகின்றன. "கலக்கி முடிப்பதற்குள் கப்பிலேயே சூடேறி இறுகிவிட்டது" என்பது ஒன்று. "இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே சரக்கைப் பற்றித்தான். சில நேரம் ஒரே டப்பாவைப் பற்றிக்கூட. சரக்கு கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் திரும்பி வந்த டப்பாக்களை நாங்கள் கலந்து பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே இறுகுகின்றன. இரண்டும் கலந்து இறுகும் வேதிவினையின் வேகம்தான் எங்கோ கைமீறியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பெயின்ட் உலர்வதைப் போல ரெசின் உலர்வதில்லை. பெயின்டில் முதலில் கரைப்பான் ஆவியாகிப் போகிறது. இங்கே எதுவும் வெளியே போக வேண்டியதில்லை. ரெசின் மூலக்கூறின் நுனியில் இருக்கும் எபாக்சைடு வளையத்தின் மீது ஹார்டனரில் உள்ள அமீன் என்ற நைட்ரஜன் சேர்மம் வந்து மோதுகிறது. வளையம் திறந்து இரண்டும் பிணைந்துகொள்கின்றன. இப்படிப் பின்னிய வலையைத்தான் நாம் 'இறுகிவிட்டது' என்கிறோம். சும்மா மோதினால் பிணைப்பு வராது. சரியான பக்கமாக, போதிய வேகத்தோடு மோத வேண்டும். அந்தக் குறைந்தபட்ச ஆற்றலைத்தான் பள்ளியில் கிளர்வுறு ஆற்றல் என்று படித்தோம்.

வெப்பநிலை ஏன் இவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது. அறை 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி ஆற்றல் மூன்றரை சதவீதம்கூடக் கூடுவதில்லை. ஆனால் பல வினைகளின் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுகிறது! காரணம், அந்த வரம்பைத் தாண்டக்கூடிய மூலக்கூறுகள் எப்போதுமே மிகச் சிலதான்; சராசரி சற்று உயர்ந்தாலே அந்தச் சிலரின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த அரீனியஸ் 1889-ல் இந்த உறவை ஒரு சமன்பாடாக எழுதினார். எங்களுக்கு அது சுவரில் ஒட்டிவைக்க வேண்டிய சமன்பாடு. 20 டிகிரியில் அரை மணி நேரம் வேலை செய்ய விடும் கலவை, 30 டிகிரியில் கால் மணி நேரம்தான் தரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்களில் கணக்கு அப்படியே தலைகீழ்.

அப்புறம், கப்பில் கொதிக்கும் விஷயம். ஒவ்வொரு பிணைப்பும் உருவாகும்போது வெப்பத்தை விடுகிறது. கலவை தட்டில் மெல்லிசாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். குறுகிய கப்பில் குவிந்திருந்தால் நடுவிலேயே தங்கும். சூடு வேகத்தைக் கூட்டும், வேகம் இன்னும் சூட்டைக் கூட்டும். எங்கள் மேசையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். முதலில் கப்பின் அடிப்பகுதி உள்ளங்கையில் இளஞ்சூடாகத் தெரியும். கலவை சூட்டில் இளகி, முன்பைவிடத் தண்ணீராகத் தோன்றும். இன்னும் நேரம் இருக்கிறது என்று நாம் நம்புவது அந்த நிமிஷத்தில்தான். அடுத்து குச்சியைத் தூக்கினால் நூல் இழுக்கும். அதன்பின் குச்சியே வராது. மஞ்சளித்து, விரிசல் விட்டு, புகையக்கூடச் செய்யும். ஆகவே கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். கப் சூடேறிவிட்டால் கையில் வைத்திருக்காமல் எரியாத தளத்தில், திறந்த வெளியில் வைத்து விலகி நில்லுங்கள். ஆழமான வார்ப்பாக இருந்தால் அடுக்கடுக்காக ஊற்றுங்கள்.

இனி, நாங்கள் மிகவும் வருத்தப்படும் பழக்கத்துக்கு வருகிறோம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக விடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். எபாக்ஸியில் ஹார்டனர் வினையூக்கி இல்லை, வினையில் நேரடிப் பங்காளி. இத்தனை வளையத்துக்கு இத்தனை அமீன் என்று கணக்கு இருக்கிறது. கூடுதலாக ஊற்றிய அமீனுக்கு ஜோடி கிடைக்காது. அது வலைக்குள் தொங்கிக்கொண்டே கிடக்கும். தொடக்கத்தில் வேகம் சற்றுக் கூடினாலும் முடிவில் பொருள் மென்மையாகவும் பிசுபிசுப்பாகவும் நின்றுவிடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது சரியாகாது.

இந்தப் பழக்கம் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசினில் வேலை செய்தவர்களிடமிருந்து வருகிறது. அங்கே ஊற்றும் பெராக்சைடு, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மட்டுமே சேர்ந்து வினையைத் தொடங்கிவைப்பது. அதனால் அதில் குறிப்பிட்ட வரம்புக்குள் சொட்டுகளைக் கூட்டிக் குறைக்கலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: பாலியெஸ்டருக்கான கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் (வினையை வேகப்படுத்தும் திரவம்) பெராக்சைடையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே பெராக்சைடு.

சரி, வேகம் வேண்டுமென்றால் என்ன செய்வது? அறையைச் சூடாக்குங்கள். கலப்பதற்கு முன் ரெசின் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தெடுங்கள். கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள்; கலக்காத இடத்தில் மோதலே நடக்காது. கடைசிக் கட்டத்தில் வினை தானாகவே மந்தமாகும், ஏனென்றால் வலை இறுக இறுக மூலக்கூறுகளால் நகர்ந்து ஜோடியைத் தேட முடிவதில்லை. மறுநாள் மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மிச்சமிருப்பவையும் பிணையும். எவ்வளவு சூடு தாங்கும் என்பது டப்பாவோடு வரும் தாளில் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் சிக்கல் வந்தால் நான்கு விவரங்களை எழுதி அனுப்புங்கள்: அறை வெப்பநிலை, ரெசினின் எடை, ஹார்டனரின் எடை, கலந்து எத்தனை நிமிடத்தில் ஊற்றினீர்கள். டப்பாவின் பேட்ச் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அதே வெப்பநிலையில் நாங்களும் கலந்து பார்ப்போம். தவறு சரக்கில் என்றால் மாற்றுச் சரக்கு அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ரெசின் கடையினர்