பாமினியைக் கைகழுவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பனில் 2003 முதல் டி.டி.பி. கடை நடத்துகிறேன். நிக்காஹ் பத்திரிகை, மாதாகோயில் திருவிழா நோட்டீஸ், படகுக்காரர்களின் மனு எல்லாம் என் கையால் அடித்தவை. முதல் ஏழெட்டு ஆண்டுகள் முழுக்கப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான்.

சென்ற மாதம் ஒரு பெண், காலமான தன் தந்தை வல்லத்துக்காகக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு வந்தார். கோப்பு இருந்தது. திறந்தால், 'படகு' இருக்க வேண்டிய இடத்தில் ஜி, எல், எஃப் என்று மூன்று ஆங்கில எழுத்துகள்! ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த ஏற்பாடு பாமினி. இதை, இன்று எல்லாக் கணினியும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடாக்க, அக்காள் மகன் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியின் பழைய பதிப்பில் (பைத்தான் 2) எழுதிக் கொடுத்த நிரல் ஒன்று உண்டு. புது லினக்ஸ் ஏற்றிய பிறகு அது முதல் 'பிரிண்ட்' வரியிலேயே படுத்துவிட்டது. புது லினக்ஸில் இருப்பது பைத்தான் 3. அதில் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டுமாம், என் நிரலில் அது இல்லை.

கோபம்தான் வந்தது. விசாரித்தால் பைத்தானை மாற்றியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 'படகு' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 2, கணினி சேமிக்கும் பைட்டுகளை எண்ணி 12 என்று சொல்லும். பைத்தான் 3, ப, ட, க, உகரக் குறி என்று யூனிகோட் குறியீடுகளை எண்ணி 4 என்கிறது. (எங்கள் வாத்தியார் மூன்று என்றுதான் சொல்லிக்கொடுத்தார், அது தனி வழக்கு.) அவகாசமும் தாராளம். 2008 டிசம்பரில் புதியது வந்தது. பழையதை 2015-இல் நிறுத்துவதாக இருந்து, 2020 ஜனவரி வரை நீட்டித்தார்கள். இரண்டும் பதினோரு ஆண்டுகள் அருகருகே ஓடின. எங்கள் பாம்பன் ரயில் பாலத்துக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நடுவில் தீவுக்கு ரயிலே இல்லை. பைத்தான் விஷயத்தில் தூங்கியது நான்தான்.

மூலநிரல் கையில் இருந்ததால் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே மாலையில் சரிசெய்துவிட்டார். மனுவின் இரண்டாம் பக்கத்தில் வல்லத்தின் எண் இருந்தது. அந்தப் பெண் அதைத்தான் தேடி வந்தாராம்.

தமிழ் எழுத்துரு மாற்றிகளை எழுதும் தன்னார்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பாமினியை இனி யார் சீண்டப்போகிறார்கள்' என்று அதை நீக்கிவிடாதீர்கள். பாமினியில் எழுதும் வசதியை எடுத்துவிடுங்கள், எனக்கே அது வேண்டாம். படிக்கும் வசதி இருக்கட்டும். புதியது வந்தாலும் பழையது படிக்க முடிய வேண்டும். யூனிகோடில் 2005-இல் 'ஶ' என்ற கிரந்த எழுத்து சேர்ந்தபோது ஏற்கெனவே இருந்த எந்த எழுத்தும் இடம் மாறவில்லையே! பாமினியைப் படிக்கத் தேவை, எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று சொல்லும் ஒரு மாற்று அட்டவணைதான். என் அலமாரியில் இன்னும் நாற்பது சி.டி.க்கள் திறக்கப்படாமல் கிடக்கின்றன.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர்,
பாம்பன்.