உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது, அப்பா?

ரெய்க்யவிக், ஐஸ்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அவரும் குழந்தையும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

பாஸ்போர்ட் எடுத்தபோது என் இனிஷியலை விரித்து, 'சர்நேம்' கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினோமே, நினைவிருக்கிறதா? இதற்கு முன் இருந்த நாட்டில் ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "அது குடும்பப் பெயர் இல்லை, என் அப்பா பெயர்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

ஐஸ்லாந்துக்கு வந்த பிறகு அந்த விளக்கமே தேவைப்படவில்லை. இங்கேயும் நம்மைப் போல அப்பா பெயர்தான். யோன் என்பவரின் மகன் யோன்ஸோன், மகள் யோன்ஸ்டோட்டிர். டோட்டிர் என்றால் மகள். கல்யாணம் ஆனாலும் பெண் தன் அப்பா பெயரை விடுவதில்லை. அதனால் ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு பின்பெயர் இருக்கும். அம்மா பெயரைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. குடும்பப் பெயர் உள்ளவர்கள் கொஞ்சம்தான். புதிதாக வைத்துக்கொள்வதை 1925-லேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் கூப்பிடுவது சொந்தப் பெயரைச் சொல்லித்தான். டெலிபோன் புத்தகம் அச்சில் வந்த காலத்தில் அதன் அகரவரிசைகூட அப்படித்தான் இருந்தது. 1980 முதல் 1996 வரை ஜனாதிபதியாக இருந்த விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் எல்லோருக்கும் வெறும் விக்டிஸ். பின்னால் இருப்பதற்கு ஃபின்போகியின் மகள் என்று பொருள். நாட்டுக்கே தலைவியான பிறகும் மகள் என்ற சொல் அவர் பெயரோடு இருந்தது. இது புரிந்த அன்று எனக்குத் தொண்டை அடைத்தது, அப்பா. நம் இனிஷியலில் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும்தான் இருக்கின்றன. அதற்கும் பொருள் இதுதானே.

நேற்று பக்கத்து வீட்டுப் பாட்டி குழந்தையைப் பார்க்க வந்தார். தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது இங்கேயும் வழக்கமாம். 'பெயரன்'தான் பேரன் ஆனது, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். அப்புறம், "உன் அப்பாவுக்கு யார் பெயரை வைத்தார்கள்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட நோட்டிலிருந்து இன்றுவரை உங்கள் பெயரை எழுதிக்கொண்டே இருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அது உங்கள் தாத்தா பெயரா? அவர் எப்படிப்பட்டவர்? உடனே எழுதுங்கள். அம்மா பெயருக்கும் ஒரு கதை இருக்கும், அதையும் கேட்டு எழுதுங்கள். இங்கே குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயர் வைத்துவிட வேண்டும். இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இவனுக்கு உங்கள் பெயரை வைக்கத்தான் ஆசை.

அன்புடன்,
உங்கள் மகள்