ஒரு நாளும் அடைக்காத குழாய்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையில் பழைய வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கரையான், கூரைத் தகரம் எல்லாம் இருந்தது. கக்கூஸ் லைனைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதக் கூச்சமாக இருந்திருக்கலாம். எனக்குக் கூச்சம் விட்டுப்போய்ப் பல வருடமாகிறது, அதனால் நான் எழுதுகிறேன்.

2015-இல் குன்னூரில் ஒரு சரிவில், கல் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற பழைய வீட்டை வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர். "முப்பது வருஷமா இருக்கோம் சார், லைன் ஒரு நாள்கூட அடைச்சதில்லை. செப்டிக் டேங்க்குக்கு லாரியே கூப்பிட்டதில்லை" என்றார். அவர் பெருமையாகச் சொன்னார், நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்ட அந்த நிமிடமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

சமவெளியில் கழிவுநீர்க் குழாய் உடைந்தால் வீட்டுக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். தண்ணீர் எதிர்த்து வரும், நாறும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இங்கே அப்படி இல்லை. சரிவில் குழாய் உடைந்தால் கழிவு சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கிக் கீழே போய்விடும். உடைவதற்கு முன் இருந்ததைவிட நன்றாகவே போகும்!

மூன்றாவது வருடம், ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும், வீட்டுக்குக் கீழே இருந்த தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நின்றது. பார்க்க வந்த கொத்தனார் சுவரைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே இருந்த புல்லைத்தான் பார்த்தார். "பிப்ரவரி மாசம் எல்லா இடமும் காஞ்சு கெடக்கு, இங்க மட்டும் எப்படிங்க இவ்வளவு பச்சை?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

கோவையிலிருந்து, குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆளை வரவழைத்தோம். சக்கரத்தில் சுற்றிய விறைப்பான கேபிள், அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா, அதைச் சுற்றிப் பொடி விளக்குகள். வெளியே ஒரு சின்னத் திரை. கேபிள் எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்ற கணக்கு திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது மீட்டரில் சவுரி முடி போலக் கொத்துக் கொத்தாக வேர், எங்கள் சில்வர் ஓக் மரத்துடையது. ஒன்பதாவது மீட்டரில் ஒரு குழாய் பாதி அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. பதினொன்றாவது மீட்டருக்குப் பிறகு குழாயே இல்லை. சிவப்பு மண்தான். டேங்க்கைத் திறந்தோம். அடியில் கொஞ்சம் மழைத்தண்ணீரும் ஒரு தவளையும் இருந்தன. எத்தனை வருடமாக எங்கள் வீட்டுக் கழிவு அங்கே போய்ச் சேரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

பழைய பங்களாக்களில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடிப் பூச்சு பூசிய சுட்ட மண் குழாய். குழாய் கெட்டிதான், நூறு வருடம்கூட நிற்கும். இணைப்புகள்தான் தொல்லை. ஒவ்வொன்றும் இரண்டடி, இரண்டரை அடி நீளம்தான் இருக்கும். ஆக, 60 அடி லைனில் முப்பது இணைப்பு வரை வரும். அதைச் சணலும் சிமென்ட் கலவையும் வைத்து அடைத்திருப்பார்கள். சரிவு மண் வருடத்துக்கு ஒரு நூலளவாவது நகரும், ஆனால் சிமென்ட் வளையாது. கீறல் விழுந்ததும் ஈரத்தைத் தேடி வேர் வந்துவிடும்.

நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் சரிவு ஊறுவது வேறு சமாசாரம். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியதையும், அந்த வாரம் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் போனதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அது மழையின் வேலை, குழாயின் வேலை இல்லை. ஆனால் வருடம் பூராவும் ஊறிக் கிடக்கும் மண்ணின் மேல் அப்படி ஒரு மழை பெய்தால் என்ன ஆகும் என்று, வயிறு தள்ளிய சுவருக்கு அடியில் நின்று யோசித்துப் பார்த்தேன். கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊட்டி ஏரிக்கு என்ன போகிறது என்பது ஊருக்கே தெரியும், கண்ணால் பார்க்கிறோம். என் வீட்டிலிருந்து கீழ்வீட்டு ஊற்றுக்குப் போனதை யார் பார்த்தார்கள்? கீழ்வீட்டு அம்மா அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் பல வருடமாகப் புழங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்த சாயங்காலத்தை மறக்க முடியாது.

செலவு? நீலகிரியில் பொக்லைனை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அது சரியான விதிதான். ஆகவே நான்கு பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பத்தொன்பது நாள் தோண்டினார்கள். தடுப்புச் சுவர் தனிக் கணக்கு. விற்றவரைக் கேட்கலாமா என்று வக்கீலிடம் போனேன். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவைக் காட்டினார். விற்பவர் தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லியாக வேண்டும். "தெரிந்த" என்பதுதான் சிக்கல். அவருக்குத்தான் தெரியாதே!

அதனால் தங்கை மகன் கோத்தகிரிப் பக்கம் பழைய வீடு பார்த்தபோது, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேமரா என்று அடம்பிடித்தேன். தரகர் சிரித்தார். "எதுக்குங்க அவ்வளவு செலவு, ஒரு ஆளை இறக்கிப் பார்த்துடலாம்" என்றார். செப்டிக் டேங்க்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-இலேயே சட்டம் தடை செய்துவிட்டது. அப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. விஷவாயு சட்டம் பார்த்து வராது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்புறம் அவர் பேசவில்லை.

அந்த வீட்டில், மூடியைத் திறந்து லைனைப் பார்க்கும் சேம்பர் தொட்டிக்கு அருகே இரண்டு மீட்டருக்குப் பளபளவென்று புது பிவிசி. கண்ணில் படுகிற இடம் மட்டும்! அதற்கு அப்பால் பழைய மண் குழாய். ஏழாவது மீட்டரில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு குழாயையும் திறக்கவில்லை. சரிவில் மேலே இருந்த அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு அவர்கள் கக்கூஸில் ஒரு வாளி சொட்டு நீலம் கரைத்து ஊற்றினோம். சற்று நேரத்தில் திரையில் நீலமாக வந்தது. இப்படி அடுத்தவர் லைன் நம் நிலத்தில் தடையில்லாமல், உரிமையாக 20 வருடம் ஓடிவிட்டால் அதற்கு வசதியுரிமைச் சட்டப்படி பாத்தியதை வந்துவிடும். அந்தச் சட்டமும் 1882-தான், என்ன வருடமோ அது! நல்லவேளை, கிரயத்துக்கு முன்பே தெரிந்ததால் மூன்று வீட்டாரும் உட்கார்ந்து பேசினார்கள். மேல்வீட்டு லைன் வேறு பக்கம் போனது, செலவில் பாதியை விற்றவர் விலையில் கழித்துக்கொண்டார்.

கேமரா வைப்பவர்களுக்குச் சில விஷயம். முதலில் லைனைக் கழுவிவிடச் சொல்லுங்கள், சேறு இருந்தால் ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பதிவை மீட்டர் கணக்கோடு கேட்டு வாங்குங்கள். கேமரா தலையிலிருந்து வரும் சிக்னலை மேலே நின்று பிடிக்கும் கருவி அவரிடம் இருந்தால், உடைந்த இடத்தைத் தரையில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளலாம், தோட்டம் முழுக்கத் தோண்ட வேண்டாம். மயிரிழைக் கசிவு கேமராவுக்குச் சில சமயம் தப்பிவிடும். அதற்குக் கீழ் முனையை அடைத்து, லைனில் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பதுதான் வழி. மலையில் இந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் அபூர்வம். கோவையிலிருந்து வருகிறவரிடம் அக்கம்பக்கத்து நாலைந்து வீட்டாரும் சேர்ந்து ஒரே நாளில் பார்க்கச் சொன்னால் வண்டிச் செலவு பகிர்ந்துவிடும்.

எனக்கு வீடு விற்றவர் போன மாதம் போன் செய்தார். வீடெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். லைன் இரண்டு தடவை அடைத்தது, டேங்க்கையும் லாரி வைத்து எடுத்தாகிவிட்டது என்றேன். மனிதருக்கு ரொம்ப வருத்தம். வீட்டை நான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
குன்னூர்.