ஆக்டேவியா ஆர்எஸ் காரை கேஸுக்கு மாத்துறதுக்கு முன்னாடி

மண்டபம்

மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, உடனே எழுத முடியல, அம்மாவுக்கு கண் ஆபரேஷன் முடிஞ்சு நாலு வேளை சொட்டு மருந்து விடுறது என் வேலை. இப்ப நல்லா பாக்குறாங்க. நேத்து சாயங்காலம் கடக்கரைக்கு கூட்டிட்டுப் போயி பாம்பன் புதுப் பாலத்துல ரயில் போறதைக் காட்டுனேன், பெட்டியை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிச் சொன்னாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போயிருச்சு, ஊரு பழையபடி ஐஸ் லாரி சத்தத்துல முழிக்குது.

சரி விஷயத்துக்கு வரேன். உன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரை பெட்ரோல்லேருந்து எல்பிஜி கேஸுக்கு மாத்தலாமா, பிக்கப் போயிருமான்னு கேட்டிருந்த. கேஸ் போட்டா வண்டி செத்துரும்னு உன் ஆபீஸ்ல சொல்றாய்ங்கன்னும் எழுதியிருந்த. நான் என் ஹோண்டா சிட்டி விடெக் கார்ல 4 வருஷமா கேஸ் ஓட்டுறேன், அதனால தைரியமா சொல்றேன், வண்டியைக் கொல்றது கேஸ் இல்ல, அரைகுறையா மாட்டி விடுற வேலைதான்.

பிக்கப்பை முதல்ல சொல்லிடுறேன். கேஸா மாறி உள்ள போற எல்பிஜி, காத்து போக வேண்டிய இடத்துல ஒரு நாலு சதவீதத்தை அதுவே பிடிச்சுக்கும், பெட்ரோல் பொடிப்பொடியா தெளிச்சு ஆவியாகும்போது உள்ள போற காத்தைக் குளுமையும் பண்ணும், அந்தக் குளுமையும் கேஸ்ல கிடையாது, அதனால என் வண்டி மாதிரி டர்போ இல்லாத எஞ்சின்ல உச்சத்துல கொஞ்சம் குறையத்தான் செய்யும். கீழ, நடுவுல எனக்கு வித்தியாசமே தெரியல. உன்னோடது 1.8 டர்போ, 150 குதிரை, அங்க கதை வேற. நாக்கிங்னா உள்ள போன கலவை தானா பத்திக்கிட்டு எஞ்சின் தட்டுறது, அதைத் தாங்குற அளவுதான் ஆக்டேன், எல்பிஜிக்கு அது 100-க்கு மேல, பெட்ரோல் 91, 95 தான், டர்போ அமுக்கி அனுப்புற காத்தை, அதாவது பூஸ்ட்டை, ஏத்துனா நாக்கிங் வர்ற பயம் கேஸ்ல ரொம்பக் கம்மி. டர்போவுக்கு கேஸ் நல்ல ஜோடின்னுதான் நான் சொல்லுவேன்.

ஆனா ரெடியூசர் விஷயத்துல ஏமாந்துராத. டேங்க்ல திரவமா இருக்குறதை ரேடியேட்டர் சுடுதண்ணி வச்சு கேஸாக்கி, எஞ்சினுக்குக் காத்து போற மேனிஃபோல்ட் குழாயோட பிரஷரை விட ஒரு பார் கூடுதலா இன்ஜெக்டருக்கு அனுப்புறது அதுதான். 80 குதிரை வண்டிக்கு உள்ளதை உன் வண்டியில மாட்டுனா முழு பூஸ்ட்ல கேஸ் பத்தாது, கலவை லீன் ஆகும், அதாவது காத்து கூடி கேஸ் குறைஞ்சுரும், லீன் ஆனா சூடு ஏறும், சூடு ஏறுனா எக்ஸாஸ்ட் வால்வுதான் முதல் பலி. குதிரைத்திறன் கணக்குப் பாத்து பெரிய ரெடியூசர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா முறை வச்சு கேஸ் விடுற சீக்வென்ஷியல் இன்ஜெக்ஷன் கிட், இது ரெண்டையும் விட்டுக் கொடுக்காத. பழைய மிக்ஸர் டைப் கிட் ஆட்டோவுக்கு சரி, உன் வண்டிக்கு வேண்டவே வேண்டாம், பேக்ஃபயர் அடிச்சா, அதாவது தீ திருப்பி வெடிச்சா, காத்து உள்ள போற இன்டேக் பக்கம் எதாவது உடைஞ்சுதான் நிக்கும்.

என் வண்டிக்கு நடந்ததை உனக்கு முழுசா சொன்னதில்ல. வெளியூர்ல ஒரு இடத்துல மாட்டுனேன், லேப்டாப்பைச் செருகி வண்டி நின்ன இடத்துலயே ஐடிலிங் வச்சு ட்யூன் பண்ணி அனுப்பிட்டாய்ங்க, ரோட்டுல லோடு கொடுத்து ஓட்டிப் பாக்கவே இல்ல. ஒரு 15,000 கிலோமீட்டர் ஓடினதும் எஞ்சின் ரொம்ப அமைதியா ஆயிருச்சு. காலையில கேக்குற அந்த டிக் டிக் டேப்பெட் சத்தமே காணோம். நான் சந்தோஷப்பட்டேன் மாப்ள, கேஸ்ல ஓடுனா எஞ்சின் ஸ்மூத்னு வீட்டுல கூட சொன்னேன். அந்த அமைதிதான் வியாதின்னு அப்ப தெரியல. வால்வு மூடி உக்காருற வளையம்தான் சீட்டு, அது தேஞ்சு வால்வு அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அமுங்க அமுங்க டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குற பாகத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி, குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு, கேப் இல்லன்னா சத்தம் எப்படி வரும்? ஒருநாள் உச்சிப்புளி தாண்டி 90-ல போறப்ப மிஸ்ஸிங் ஆரம்பிச்சுது, வீட்டுக்கு வந்து சூடு ஆறுனதும் வால்வ் கவரைக் கழட்டி, கேப்பை அளக்குற மெல்லிசு தகடு, ஃபீலர் கேஜை விட்டேன், எக்ஸாஸ்ட்ல கால் மில்லிமீட்டர் போகணும், மூணாவது சிலிண்டர்ல 0.05 தகடு கூட நுழையல. அந்தத் தகட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். வால்வு முழுசா மூடாம விளிம்பு கருகிருச்சு, ஹெட்டை இறக்கி கெட்டியான சீட்டு போட்டு மறுபடி முதல்லேருந்து ட்யூன் பண்ண வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் 10,000 கிலோமீட்டருக்கு ஒருதடவை நானே டேப்பெட் பாக்குறேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

உன் வண்டியில இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். அது 20 வால்வு, எண்ணெய் பிரஷர்ல வேலை செய்யுற ஹைட்ராலிக் லிஃப்டர், கேப்பை அதுவே சரி பண்ணிக்கிட்டே போகும், ஃபீலர் கேஜ் விட்டுப் பாக்க வழியில்ல, சீட்டு தேயிறது ரொம்ப நாளைக்கு வெளிய தெரியாது. அதனால மாத்துறதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை எவ்வளவு அழுத்துதுன்னு கேஜ் வச்சு எடுத்து எழுதி வை, பிறகு வருஷம் ஒருதடவை எடுத்து ஒப்பிட்டுப் பாரு. பிளக்கும் காயிலும் புதுசா இருக்கட்டும், கேஸைப் பத்த வைக்க பெட்ரோலை விட பலமான ஸ்பார்க் வேணும்.

எங்க ஊரு உப்புக் காத்தைப் பத்தி தனியா சொல்லணும். ஸ்டெப்னி குழியில உக்காருற வட்ட டேங்க்தான் எனக்கும், வண்டிக்கு அடியில போற செம்பு பைப்பை இறுக்குற கிளிப் ஒவ்வொண்ணும் மூணே மாசத்துல துருப் பிடிக்குது. போன மாசம் வீட்டுக்கு வந்தவங்கள அரிச்சல்முனைக்கு கூட்டிட்டுப் போயிட்டு வந்து அடியில குனிஞ்சு பாத்தா, டேங்க் வால்விலேருந்து வெளிய விடுற வென்ட் ஹோஸ்ல ஈர மணல் அடைச்சிருக்கு. எல்பிஜி காத்தை விட கனம், லீக் ஆனா மேல போகாது, டிக்கியிலயே தேங்கி நிக்கும், அது வெளிய போறதுக்கு உள்ள வழியே அந்த ஹோஸ்தான். ஈர்க்குச்சி விட்டு நோண்டி எடுத்தேன். இப்ப மாசம் ஒருநாள் ஜாயின்ட்ல எல்லாம் சோப்புத் தண்ணி தடவி குமிழ் வருதான்னு பாத்துருவேன். நீ லீவுக்கு இங்க வந்துட்டுப் போனா அடிப்பக்கத்தை நல்ல தண்ணி விட்டுக் கழுவாம தூங்காத.

லாபக் கணக்கை மட்டும் ஓட்டுற தூரத்தை வச்சுப் போடு. ஒரு லிட்டர் எல்பிஜி 540 கிராம் பக்கம்தான், பெட்ரோல் 740, அதனால லிட்டருக்கு எனக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தது 10-க்கு வந்துருச்சு. என் டேங்க் 40 லிட்டர், வெயில்ல விரியறதுக்கு இடம் விட்டு 80 சதவீதம்தான் நிரப்பலாம், ஆக 32 லிட்டர். இங்கேருந்து மதுரை போக வர 300 கிலோமீட்டர், சரியா அதுக்குத்தான் காணும். அப்புறம் வண்டி எப்பவும் பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகி கூலன்ட் சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும், பாம்பனுக்கு மீன் வாங்கப் போனா பாதி தூரம் பெட்ரோல்லயே முடிஞ்சுரும். நீ தினம் ஆபீஸுக்குப் போறது எவ்வளவு தூரம்னு எழுதல. அஞ்சாறு கிலோமீட்டர்னா எனக்கு மனசு ஒப்பல, விட்டுரு. 20 சதவீதம் எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னுருமேன்னு பயந்து மாத்துறேன்னு சொன்ன, அந்தப் பயம் நியாயம்தான், ஆனா கேஸ் போட்டாலும் அந்த பெட்ரோல் டேங்க்ல இருக்கத்தான் போகுது, கால் டேங்க்குக்குக் கீழ இறங்கவும் விடக்கூடாது, பம்பு குளுமையா இருக்கறதே பெட்ரோல்லதான். அதனால கேஸோட சேத்து ஃபியூல் ஹோஸையும் புதுசா மாத்திரு.

ஆர்சியில ஏத்தாம ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாத. அங்கீகாரம் உள்ள கிட், ஆர்டிஓ, பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், இதே வரிசையில முடி. வீட்டு சிலிண்டர்லேருந்து அடைச்சுத் தர்றேன்னு எவனாவது வந்தா வாசல்லயே நிறுத்திரு, சட்டப்படி குத்தம், அதை விட டிக்கியில புள்ளைங்க பையைப் போட்டுக்கிட்டுப் போற வண்டிடா அது.

நாலு சிலிண்டர் கம்ப்ரெஷன் ரீடிங்கும், தினம் ஓடுற தூரமும் எழுதி அனுப்பு. அதைப் பாத்துட்டு எந்த ரெடியூசர்னு நான் சொல்றேன், அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் குடுத்துராத. தங்கச்சியையும் புள்ளைங்களையும் கேட்டதா சொல்லு, அம்மா உன்னை ரொம்ப விசாரிச்சாங்க.

உன் மச்சான்