நீ கேட்ட அந்தப் புகை

அன்புள்ள பாப்பா,

அலமாரியில் நீ விட்டுப்போன பழைய கேமராவை எடுத்துக்கொண்டு மார்கழி அமாவாசை அன்று ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன், சித்தப்பாவும் கூட வந்தார். காவலூர் வானாய்வகம் இருக்கிற அதே மலைதான், நாங்கள் நின்றது சாமை அறுத்த ஒரு கொல்லையில். இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன், போனில் பார்க்காதே, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்.

முதல் படம் உனக்கு நான் வைத்திருந்த கடன். எட்டு வயசில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, வரிசையா மூணு நட்சத்திரம் இருக்கே, அதுக்குக் கீழ புகை மாதிரி என்னப்பா என்று கேட்டாய். மேகம், தூங்கு என்றேன். தெரியாமல் சொன்ன பதில் அது, உண்மை தெரிந்த நாளிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அது ஓரியன் நெபுலா, ஓரியன் என்பது அந்த மூன்று நட்சத்திரமும் இருக்கிற நட்சத்திரக் கூட்டம். ஹைட்ரஜனும் தூசியும் திரண்ட முகில், அதற்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன, அப்படிப் பிறந்த சில பெரிய நட்சத்திரங்களால்தான் அது ஒளிர்கிறது. தூரம் சுமார் 1,340 ஒளியாண்டு. பல்லவர்கள் மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்த நூற்றாண்டில் கிளம்பிய வெளிச்சம் அன்றைக்கு உன் கேமராவுக்குள் வந்து விழுந்தது.

135 எம்.எம். லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200, ஒரு படத்துக்கு 2 விநாடி. அதற்கு மேல் திறந்துவைத்தால் பூமி சுற்றுகிற சுற்றில் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடுகிறது. 2 விநாடியில் என்ன பெரிதாகத் தெரியும், அதனால் 300 படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன், ஸ்டேக்கிங் என்கிறார்கள். படத்தில் உள்ள பொரிப்பொரியான தேவையற்ற புள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நெபுலா மட்டும் மாறாது, அடுக்க அடுக்க அது தெளிந்து மேலே வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது பாப்பா. நடுவில் லென்ஸில் பனி படிந்து 80 படம் வீணானது, அப்புறம் சித்தப்பா அட்டையை வைத்து விசிறிக்கொண்டே இருந்தார். 1880இல் ஹென்றி ட்ரேப்பர் என்ற அமெரிக்கர் இதை முதன்முதலாகப் படம்பிடித்தபோது ஒரே ஃபோட்டோ தகட்டை 51 நிமிடம் திறந்துவைத்திருக்கிறார். என்னுடையது எல்லாம் சேர்ந்தே 10 நிமிடம்தான்.

இரண்டாவது ஆண்ட்ரோமீடா. இதை இருட்டியதுமே வடக்கே உச்சியில் எடுத்துவிட்டோம். கண்ணுக்கு ஒரு மங்கல், படத்தில் சாய்த்துவைத்த தட்டு. ஓரத்து மங்கலையும் சேர்த்தால் ஆறு முழுநிலா அகலம் வானத்தில் விரிந்து கிடக்கிறது, நமக்குத்தான் நடுப்பகுதி மட்டும் தெரிகிறது. இதையும் நெபுலா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1923இல் ஹபிள் என்ற வானியலாளர் அதற்குள் துடிக்கிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து தூரத்தைக் கணக்கிட்ட பிறகுதான் அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி நட்சத்திர மண்டலம் (கேலக்ஸி) என்று உறுதியானது. இன்றைய கணக்கில் 25 லட்சம் ஒளியாண்டு.

எடின்பரோவில் ஓரியன் தெற்கே தாழ்வாகத்தான் வரும், மேகமில்லாத ராத்திரி கிடைத்தால் வெளியே போய்ப் பார், குல்லா போட்டுக்கொள். தை அமாவாசைக்கு லீவு கேட்டுப் பாரேன். வரும்போது அந்தக் கேமராவுக்கு இன்னொரு பேட்டரி வாங்கி வா, இருப்பது ஒன்றுதான், ஓரியனை எடுத்து முடித்ததும் தீர்ந்துவிட்டது.

அப்பா